மைத்ரேயியின் நிழலில் பாசி படர்ந்த கோடை

பங்குனி பதினெட்டாம் தேதி காலை ஏழே முக்கால் மணிக்கு, ஸ்ரீரங்கம் மேலச்சித்திரை வீதியில் பால் வாங்கிக்கொண்டு திரும்பிய மைத்ரேயியின் நிழல் பொன்பழுப்பு நிறத்துக்கு மாறியது. பால்கடைக்காரர்தான் முதலில் கவனித்தார். வாசலில் யாரோ டீயைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்து, "பாத்து போங்கம்மா, வழுக்கும்" என்றார். மைத்ரேயி ஒதுங்கினாள், டீயும் ஒதுங்கியது. இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தாள், கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, வாசலில் தன் நிழல் விழுந்த தரையை ஈரப் பஞ்சால் ஒற்றி, கண்ணாடித் தகட்டில் பிழிந்து, சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஏழு வருஷமாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்த மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாள். படகு போலச் சில, சீப்பு போலச் சில, ஊசி போலச் சில. எல்லாம் கண்ணாடி ஓடு போர்த்திய டயாட்டம் பாசிகள், எல்லாம் உயிரோடு இருந்தன. நானூறு வரை எண்ணினாள். இரண்டு நாள் முன்பு கோரையாற்றில் எடுத்த தண்ணீரில் எந்த இனம் எந்த விகிதத்தில் இருந்ததோ, நிழலிலும் அதே விகிதத்தில் இருந்தது. அதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து தீய்ந்துவிட்டது.

அவளுக்கு அப்போது முப்பத்தாறு வயது. கல்லூரி ஒன்றில் தாவரவியல் நடத்திக்கொண்டே, காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் கோடைக்காலத்தில் வாழும் மிதவைப் பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மிதவைப் பாசி என்பது கண்ணுக்குத் தெரியாத செடி. வேர் கிடையாது, தண்டு கிடையாது, தண்ணீர் போகிற பக்கம் போகும், வெயில் பட்டால் ஆக்சிஜன் விடும். ஆறு ஓடும்போது பொன்னிற டயாட்டங்கள் பெருகும். வேகம் குறைந்தால் பச்சைப் பாசிகள் வரும். ஓட்டம் அறவே நின்று கழிவும் சேர்ந்தால் நீலப்பச்சைப் பாசி படர்ந்து தண்ணீரை விஷமாக்கும். இதைத் தெரிந்துகொள்ள ஏழு வருஷம் தேவையா என்று புக்ககத்தில் கேட்டார்கள். அவளும் தன்னைக் கேட்டுக்கொள்வதுண்டு. பதினோரு வருஷமாக அதே வீடு, அதே ஜன்னல், முடியாத அதே ஆராய்ச்சி. பங்குனி பதினாறாம் தேதி, கோரையாறு குடமுருட்டி என்று பேரை மாற்றிக்கொண்டு காவிரியில் கலக்கிற இடத்தில், பாசி அரிக்கும் மெல்லிய பட்டுவலை எதிலோ சிக்கிக்கொள்ள, எட்டி இழுத்ததில் பரிசல் சாய்ந்தது. அவள் தலைகுப்புற விழுந்து ஒரு வாய் தண்ணீரை விழுங்கினாள். பரிசல் ஓட்டும் தொட்டியம் சுடலைமுத்து தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். "முழுங்கிட்டீங்களா மேடம்? துப்புங்க, துப்பிடுங்க" என்றார். துப்புவதற்கு ஒன்றும் இல்லை. அது உள்ளே இறங்கிவிட்டிருந்தது.

கணவன் லக்ஷ்மிகாந்த் ரயில்வே அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் நாலு மணி நேரம் அசையாமல் இருக்கக்கூடியவன். அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான். டாக்டர் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுத்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். நிழலுக்குச் சோதனை கிடையாது. ஆனால் அதன் சுபாவம் ஒரு வாரத்தில் வீட்டாருக்குப் பிடிபட்டுவிட்டது. மைத்ரேயி நடந்துகொண்டிருந்தால் நிழல் பொன்னிறமாக இருந்தது. அதில் நின்றவர்களுக்கு, அதிகாலையில் ஆற்றங்கரைக்குப் போய் நின்றதுபோல் நெஞ்சு விரிந்தது. ஐந்து நிமிஷம் நின்றால் பச்சையாயிற்று. பத்து நிமிஷம் ஆனால் நீலம் பாய்ந்து, மேலே ஆடை கட்டி, தரை வழுக்கி, மீன் மார்க்கெட் சாக்கடை நாற்றம் எடுத்தது. வகுப்பில் கரும்பலகைக்கு அருகே நின்று பாடம் நடத்தியபோது முதல் பெஞ்சில் இரண்டு மாணவிகள் மயங்கினார்கள். அதற்குப் பிறகு அவள் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தபடியே பாடம் நடத்தினாள். சாப்பாட்டையும் நடந்தே சாப்பிட்டாள். விளக்கை அணைத்தால் நிழல் இல்லை என்பதால் தூங்க முடிந்தது. ஆனால் தூக்கத்திலும் கால் ஆடிக்கொண்டிருந்தது. "கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காரேன்" என்று லக்ஷ்மிகாந்த் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவந்ததை அந்தப் பங்குனியோடு நிறுத்திக்கொண்டான்.

வீட்டின் உள்ளறையில் மாமியார் அரவிந்தவல்லி படுத்திருந்தாள். எழுபத்தொரு வயது. நுரையீரல் சுருங்கிப்போய் ஐந்து வருஷமாக ஆக்சிஜன் மெஷினின் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, வாசல் தாண்டாமல் இருந்தாள். ஆற்றில் கண்டவர்களோடு இறங்கி, தலையில் பாசி நாற்றத்தோடு வருகிற மருமகளைச் சமைக்கிற தளிகை அறைக்குள் விடுவதில்லை என்பதில் மட்டும் அவளுக்கு மூச்சு குறையவில்லை. பங்குனி இருபத்தெட்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று. மெஷின் நின்றது. மாற்றுச் சிலிண்டர் காலி என்று அப்போதுதான் தெரிந்தது. மைத்ரேயி ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாள். வெயில் அவள் முதுகில் பட்டு, நிழல் கட்டிலின் மேல் விழுந்தது. அரவிந்தவல்லியின் உதட்டில் கருமை கலைந்து சிவப்பு வந்தது.

"நகராதே" என்றாள் மாமியார்.

"நகராம இருக்க முடியாதும்மா."

"அப்போ நகர்ந்துண்டே இரு."

ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த மூன்றடி இடத்தில் மைத்ரேயி ஒன்றே முக்கால் மணி நேரம் முன்னும் பின்னும் நடந்தாள். கரண்ட் வந்தபோது அரவிந்தவல்லி மெஷினைப் பார்த்து, அது இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் சக்கர நாற்காலி வந்தது. அதை முன்னால் தள்ளிக்கொண்டு போகிற மைத்ரேயியின் நிழல் மாமியார் மேல் விழவேண்டுமென்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டும். ஆகவே காலையில் மேற்கே போனார்கள். மேலூர் வழியாகக் காவிரிக் கரையைப் பிடித்து, தண்ணீர் வருகிற திசைக்கு எதிராக. ஒன்பதரைக்கு வெயில் ஏறியதும் பாலக்கரை நஜீமா தன் ஆட்டோவைக் கொண்டுவந்து இருவரையும் ஏற்றி வீட்டில் விடுவாள். பகல் முழுக்க மெஷின். மாலை நாலு மணிக்கு அதே ஆட்டோவில் மேலூர் போய், அங்கிருந்து கிழக்கே நடந்து வீடு திரும்புவார்கள். வீதியில் முதல் இரண்டு நாள் எல்லோரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஆஸ்துமாக்காரர்கள் மட்டும் வந்தார்கள். நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நிழலுக்குள் அடங்கி, தெருமுனைவரை கூடவே நடந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அரவிந்தவல்லி அவர்களிடம் எந்த வீடு, என்ன கோத்திரம் என்று விசாரித்தாள். மருமகளிடம் ஒன்றும் பேசவில்லை. ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கிற தென்னந்தோப்பையும் வாழைத்தோட்டத்தையும் கொக்கையும் மட்டும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

சித்திரை ஐந்தாம் தேதி மைத்ரேயி ஒன்பதரைக்கு நிற்கவில்லை. நஜீமாவின் ஆட்டோ தூரத்தில் வருவது தெரிந்தும், தோப்புக்குள் போகிற வண்டிப்பாதையில் நாற்காலியைத் திருப்பிவிட்டாள். ஏன் என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டார்கள். கால் நிற்க மறுத்தது என்று சொன்னாள். அது பாதி உண்மை. பாதை மேற்கே போய்க்கொண்டே இருந்தது. முக்கொம்பு, முசிறி, தொட்டியம், அதற்கும் மேலே அமராவதி கலக்கிற இடம், பவானி கலக்கிற இடம் என்று ஏழு வருஷமாக வரைபடத்தில் புள்ளி வைத்திருந்த ஊரெல்லாம் அந்தப் பக்கம் இருந்தன. திரும்பினால் அந்த ஜன்னல்தான். முன்னால் நாற்காலியில் ஓர் உயிர் உட்கார்ந்திருப்பதை ஒரு மணி நேரம்போல் அவள் மறந்துபோனாள் என்பதுதான் மீதிப் பாதி. அன்று ஊரில் நிழல் இல்லாத நாள். வருஷத்தில் இரண்டு முறை திருச்சிக்கு நேர் உச்சியில் சூரியன் வரும். பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் வெயிலில் பாட்டிலை நிறுத்திவைத்து அதன் நிழல் மறைவதைப் பார்ப்பார்கள். இது அவளுக்குத் தெரியாததல்ல. பன்னிரண்டு மணிக்கு, முக்கொம்புக்கு இந்தப் பக்கம், வீடு வாசல் இல்லாத மணல்வெளியில், நிழல் சுருங்கிச் சுருங்கி அவள் செருப்புக்குள் போய் மறைந்தது. நாற்காலியில் அரவிந்தவல்லியின் தலை சாய்ந்தது. நகம் கறுத்தது.

மைத்ரேயி முன்னால் ஓடிவந்து, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பற்றிக்கொண்டு, மாமியாரின் மேல் கூரைபோல் குனிந்தாள். உச்சி வெயில் முதுகில் இறங்க, இல்லாமல்போன நிழல் நேர் கீழே அந்த முகத்தில் விழுந்தது. நின்றால் கெட்டுவிடும் என்பதால் இடமும் வலமுமாக ஆடினாள். ஒரு மணி நேரம் ஆடினாள். முதுகு கொப்பளித்தது, வேர்வை சொட்டி மாமியாரின் நெற்றித் திருமண் கரைந்து மூக்கில் வழிந்தது. "அம்மா, மன்னிச்சுடுங்கோ, அம்மா, மூச்சு விடுங்கோ" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்ததை, ஆடு மேய்க்க வந்தவர்கள் ஏதோ சாமி ஆட்டம் என்று எண்ணித் தள்ளி நின்று கும்பிட்டார்கள். ஒன்றே கால் மணிக்குச் சூரியன் சாய்ந்தது. அரவிந்தவல்லி கண்ணைத் திறந்தாள்.

"இது எந்த இடம்?" என்றாள்.

"முக்கொம்பு வரப்போறதும்மா. தப்பு பண்ணிட்டேன்."

மாமியார் தலையைத் திருப்பி மணலைப் பார்த்தாள். அழுகையா கோபமா என்று சொல்ல முடியாத முகம். "இவ்வளவு தூரம் நான் வந்ததே இல்லை" என்றாள். பிறகு, "அடுத்த தடவை சின்ன சிலிண்டரை எடுத்துண்டு வருவோம்" என்றாள்.

மண்ணில் பதிந்த நாற்காலித் தடத்தைப் பிடித்துத் தேடி வந்த நஜீமா, "ரெண்டு பேருக்கும் பைத்தியமா? எங்கல்லாம் தேடுறது!" என்று கத்திவிட்டு, ஆட்டோவில் ஏற்றும்போது அழுதாள். அன்றிலிருந்து அரவிந்தவல்லி மருமகளோடு பேச ஆரம்பித்தாள். அவள் நிழலில் இருக்கிறது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வெகுநேரம் பார்த்து, சங்கு சக்கரம் போல ஒன்றை அடையாளம் கண்டாள். அதன் லத்தீன் பெயரை மைத்ரேயி சொன்னாள். சங்கு சக்கரமே இருக்கட்டும் என்றாள் அவள்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில் நிழல் கெட்டது. நடந்தாலும் ஓடினாலும் நீலப்பச்சையாகவே இருந்தது. வீதியின் ஆஸ்துமாக்காரர்கள் முதல் நாளே விலகிவிட்டார்கள். நிழல் பட்ட தொட்டித் தண்ணீரைக் குடித்த கன்றுக்குட்டி ஒன்று செத்தது. அரவிந்தவல்லிக்கு வாந்தியும் தலைவலியும் வந்து, மெஷினுக்கே திரும்பினாள். ஆனால் வெளிக்காற்றுக்குப் பழகிய நுரையீரலுக்கு மெஷின் போதவில்லை. டாக்டர் லக்ஷ்மிகாந்தைத் தனியாகக் கூப்பிட்டு, அதிகம் போனால் ஒரு மாதம் என்றார். அவன் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அன்று எட்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மைத்ரேயி ஈரப் பஞ்சால் தரையை ஒற்றிப் பார்த்தாள். டயாட்டம் ஒன்றுகூட இல்லை. காவிரியில் எடுத்த தண்ணீர் சரியாகத்தான் இருந்தது, கொள்ளிடமும் சரி. அப்படியானால் கெட்டுப்போனது அவள் விழுங்கிய ஆறு. தினமும் அதிகாலையில் கிளம்பி, கோரையாற்றின் முகத்துவாரத்திலிருந்து கரையோடு மேலே நடந்தாள். கே.கே. நகருக்கு மேற்கே, மூன்றாம் நாள், கண்டுபிடித்தாள். மண் லாரிகள் குறுக்கே போவதற்காக யாரோ ஆற்றை மறித்து ஆள் உயரத்துக்கு மண் கொட்டி மேடு கட்டியிருந்தார்கள். குழாய்கூட வைக்கவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பெயின்ட் கொட்டியதுபோல் நீலப்பச்சையாகத் தேங்கி நாறியது. அதே நாற்றம் அவள் காலடியிலும் இருந்தது.

அடுத்த வாரம் முழுக்க அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். ஒரு மேசையில் அடுத்த மேசையைச் சொன்னார்கள், அடுத்த மேசையில் வேறு ஊரைச் சொன்னார்கள். வரிசையில் காத்திருக்க அவளால் முடியாது. பத்து நிமிஷத்தில் கூடத்துத் தரை வழுக்கி மனிதர்கள் விழுந்தார்கள். திங்கள்கிழமை வாருங்கள் என்று பணிவாகவே சொல்லி அனுப்பினார்கள். அன்று மாலை அவள் சுடலைமுத்துவுக்குப் போன் செய்து, இரண்டு மண்வெட்டி வேண்டும் என்றாள். உள்ளறையிலிருந்து அரவிந்தவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் வரேன்."

"நீங்க இங்க மெஷின்ல இருங்கோம்மா. ரெண்டு மணி நேரத்துல வந்துடுவேன்."

"இங்க இருந்தா மட்டும் இருக்கப்போறேனா? சிலிண்டரை எடு."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நஜீமாவின் ஆட்டோ மண்மேட்டில் போய் நின்றது. அரவிந்தவல்லி லாரித் தடத்தின் நட்டநடுவே நாற்காலியைப் போடச் சொல்லி, சிலிண்டரைக் குழந்தைபோல் மடியில் வைத்து, குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மைத்ரேயியும் சுடலைமுத்துவும் மேட்டின் நடுவில் வெட்டத் தொடங்கினார்கள். கால் மணியில் முதல் லாரி வந்து ஹாரன் அடித்தது. அரவிந்தவல்லி அசையவில்லை. ஓட்டுநர் இறங்கிவந்தார், கத்துவதற்காக வாயைத் திறந்தவர், குழாயைப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது?" என்றார்.

"இந்த ஆறு நின்னா எனக்கு மூச்சு நின்னுடறது. இவா வெட்டி முடிக்கற வரைக்கும் நீ சித்த இரு."

அவருக்கு அது விளங்கவில்லை. ஆனால் மைத்ரேயியின் நிழலைப் பார்த்தார், மேட்டுக்கு அந்தப் பக்கத் தண்ணீரைப் பார்த்தார், மறுபடி நிழலைப் பார்த்தார். பின்னால் மூன்று லாரி சேர்ந்தன. அவர் இன்ஜினை அணைத்துவிட்டு வந்து மண்வெட்டியை மைத்ரேயி கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இப்படி வெட்டினா சாயங்காலம் ஆயிடும், தள்ளுங்க" என்றார். பத்தரை மணிக்கு மேடு விட்டது. நீலப்பச்சைக் கூழ் இடுப்பளவு எழுந்து உருண்டு போயிற்று. ஒரு மணி நேரம் நாற்றம் தாங்க முடியவில்லை. அதன் பின்னால் மேற்கே பெய்த கோடை மழைத் தண்ணீர் கலங்கலாக வந்தது, பிறகு கலங்கல் தெளிந்து வந்தது. மைத்ரேயியின் நிழல் வெளுத்து, முதல்முறையாக வெறும் நிழலாக, எல்லோருடையதும் போலக் கறுப்பாகக் கிடந்தது. அவள் அதைப் பார்த்தபடி கரையில் அப்படியே நின்றாள். கால் மணி நேரம் நின்றும் ஒன்றும் நாறவில்லை. இனி உட்காரலாம் என்று நினைத்தும் உட்காராமல், எதையோ பறிகொடுத்தவள்போல் நிழலின் ஓரத்தைக் காலால் தடவிப் பார்த்தாள்.

அதற்குள் அரவிந்தவல்லி நாற்காலியிலிருந்து நழுவி, தவழ்ந்து, தண்ணீர் ஓரத்துக்குப் போயிருந்தாள். உள்ளங்கையைக் குவித்து அள்ளினாள்.

"அம்மா! அது சாக்கடைத் தண்ணிம்மா!"

"ஓடினா தீர்த்தம்டி" என்று சொல்லி, கண்ணை மூடி, குடித்துவிட்டாள்.

ஓடுகிற ஆற்றில் டயாட்டங்கள் மறுபடி பெருகின. மூன்றாம் நாள் காலையில் இரண்டு பேரின் நிழலும் பொன்பழுப்பாக இருந்தது. அரவிந்தவல்லி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஜன்னல் வெயிலில் தன் கையை நீட்டி, அதன் நிழலைத் தன் மூக்கின் மேலேயே விழும்படி வைத்து, பெருமூச்சு விட்டாள். ஐந்து நாளில் சுவரைப் பிடித்து நடந்தாள். ஆடி பிறந்தபோது சக்கர நாற்காலியும் மெஷினும் வேறு வீட்டுக்குப் போய்விட்டன. இரண்டு பெண்களும் விடிந்ததும் மேற்கே கிளம்பினார்கள். மாமியார் முன்னால் போனாள், அவள்தான் அவசரக்காரி. அடுத்த கோடையில் தொட்டியம்வரை நடந்து போய்ச் சுடலைமுத்துவின் வீட்டு வாசலில் நின்றபடியே மோர் குடித்துவிட்டு வந்தார்கள். அதற்கடுத்த கோடையில் அமராவதி கலக்கிற இடத்தைப் பார்த்தார்கள், அதற்கும் அடுத்ததில் பவானி. மைத்ரேயி ஆராய்ச்சியை எழுதி முடித்தாள். கடைசி அத்தியாயத்துக்கான பாசிகளை எண்ணியது அரவிந்தவல்லி. லக்ஷ்மிகாந்த் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு நிழல்களுக்கும் நடுவே நடந்தான், வீதிமுனை வந்ததும் திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டான். கோபித்துக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. மனைவி வீடு திரும்பும்போது வாசல் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவான். அந்த நேரத்தில் மட்டும் அவள் கால் ஆடாது.

சென்ற வைகாசியில் வீதி வீதியாக மரங்களைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். ஸ்தனிஸ்லாஸ் என்று பேர், ஐம்பது வயது, வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மேலச்சித்திரை வீதியில் அவர் எழுதுவதற்கு அதிகம் ஒன்றும் இல்லை. காம்பவுண்டு ஓரம் சாய்ந்து நின்றிருந்தபோது இரண்டு பெண்கள் அவரைக் கடந்து போனார்கள். அவர் நெஞ்சு பனிக்காலத்தில்போல் லேசாகிவிட்டது. மூச்சு தருகிற நிழல் என்றால் அதுவும் மரக்கணக்கில் சேரவேண்டியதுதான் என்று காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். என்ன வகை என்று கேட்டதற்கு மைத்ரேயி நடந்தபடியே நாற்பத்தாறு பெயர்கள் சொன்னாள். அவர் பலவகை என்று எழுதினார். சுற்றளவு கேட்டபோது அரவிந்தவல்லி முறைத்தாள், அதை விட்டுவிட்டார். உயரம் எவ்வளவு என்றார்.

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள் மைத்ரேயி.

அவர் கடிகாரத்தைப் பார்த்து, காலை எட்டரை என்று குறித்துக்கொண்டு, தரையில் விழுந்திருந்ததைக் கண்ணால் அளந்து எழுதினார். எண்ணிக்கை: இரண்டு. இருக்கும் இடம் என்ற கட்டத்துக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தார். இருவரும் தெருக்கோடியில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். போய்க்கொண்டிருக்கிறது என்று எழுதிவிட்டு, அடுத்த வீட்டு வேப்பமரத்தைச் சுற்றி டேப்பைப் போட்டார்.